அட்ஜஸ்ட் என்ற வினைச்சொல்லின் மீது நடந்த விசாரணை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பிளாஸ்டிக் நாற்காலி செய்யும் கம்பெனி ஒன்று, தன் புது மெஷின்களோடு வந்து இறங்கிய மூன்று சீன இன்ஜினியர்களுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுக்க ஆள் தேடியது. நேர்முகத் தேர்வுக்கு வந்தவர்களில் மற்ற எல்லோரும் சம்பளம் என்ன என்று கேட்டார்கள். பழவேற்காட்டிலிருந்து வந்திருந்த துர்காதேவி, பொன்னேரியிலிருந்து கம்பெனி பஸ் உண்டா என்று மட்டும் கேட்டாள். வேலை அவளுக்குக் கிடைத்தது.

மனிதவளப் பொது மேலாளர் பாக்கியநாதன் அவளுக்கு வேலையின் தத்துவத்தை விளக்கினார். சீனர்கள் சொல்வது நமக்குப் புரிய வேண்டிய அவசியம் இல்லை, நாம் சொல்வது அவர்களுக்குப் புரிந்தால் போதும், தகவல் தொடர்பு என்பது அதுதான் என்றார். மொழி நல்லிணக்க அதிகாரி என்று ஒரு பதவிப்பெயரும், வகுப்பு நடத்த கோடவுனில் ஒரு மூலையும் கொடுத்தார். ‘பாதுகாப்பே முதன்மை’ என்ற தகரப் பலகையின் முதுகுதான் கரும்பலகை. ஒரு ஃபேன் கிடைக்குமா என்று அவள் கேட்டாள். “இப்போதைக்கு அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கம்மா” என்றார் பாக்கியநாதன். அவள் அட்ஜஸ்ட் செய்துகொண்டாள். அதாவது, வியர்த்தாள்.

மூன்று மாணவர்களில் மூத்தவர் சென். நாற்பது வயதைத் தாண்டியவர். சட்டைப்பையில் ஒரு போனும் ஒரு சின்ன ஸ்பேனரும் எப்போதும் இருக்கும். முதல் நாள் வகுப்பில் பாடம் தொடங்குவதற்கு முன்பே அவர் கை தூக்கினார். இந்த ஊரில் எங்கே போனாலும் ஒரே ஒரு ஆங்கில வினைச்சொல் காதில் விழுகிறது, அதை மட்டும் முதலில் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டார். அந்தச் சொல் ‘அட்ஜஸ்ட்’.

அகராதியை அவர் பார்க்காமல் இல்லை. ஒரு பொருளைச் சற்றே திருத்தி ஒழுங்குக்குக் கொண்டுவருவது என்று போட்டிருந்தது. சீன மொழியில் அதற்குத் ‘தியாவ்செங்’ என்று பெயர். அந்த அர்த்தத்தை நம்பித்தான் அவர் ஊருக்குள் நடமாடினார். ரயில்வே ஸ்டேஷனில் ஏறிய ஷேர் ஆட்டோவில் டிரைவர் திரும்பிப் பார்த்து, அட்ஜஸ்ட் பண்ணுங்க சார் என்றார். சென் இறங்கி, சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்து, லூசாக இருந்த ஒரு போல்ட்டை முறுக்கிவிட்டு ஏறினார். டிரைவர் நன்றி சொல்லிவிட்டு, உறுதியாகிவிட்ட அந்தச் சீட்டில் இன்னும் ஒரு ஆளை ஏற்றினார். லாட்ஜில் தண்ணீர் வரவில்லை. மேனேஜர் அட்ஜஸ்ட் என்றார். சென் மாடிக்குப் போய் மோட்டாரைச் சரிசெய்தார். அன்றிலிருந்து தண்ணீர் நின்றால் லாட்ஜ்காரர்கள் அவர் கதவைத்தான் தட்டுகிறார்கள். கேன்டீன் சாம்பாரில் பருப்பு இல்லை என்று சொன்னபோதும் அதே சொல்தான் வந்தது. அவர் அடுப்பின் தீயைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார். பருப்பு வரவில்லை.

துர்காதேவி எம்.ஏ. ஆங்கிலம் படித்தவள். ஆனால் இப்படி ஒரு கேள்வியை யாரும் அவளைக் கேட்டதில்லை. யோசித்து, அந்தச் சொல்லுக்கு இங்கே இரண்டு அர்த்தம் என்றாள். மெஷினுக்குச் சொன்னால் திருகிச் சரிசெய்வது. மனிதனுக்குச் சொன்னால் சகித்துக்கொள்வது. எந்த இடத்தில் எந்த அர்த்தம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று சென் கேட்டார். சொல்கிறவர் கையில் ஸ்பேனர் இருக்கிறதா என்று பாருங்கள் என்றாள் துர்காதேவி. மூவரும் குறித்துக்கொண்டார்கள்.

பிறகு வழக்கம்போல வினையைத் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று எல்லா இடங்களிலும் வைத்துப் பலகையில் எழுதினாள். நான் அட்ஜஸ்ட் செய்கிறேன், நீ அட்ஜஸ்ட் செய்கிறாய், அவன் அட்ஜஸ்ட் செய்கிறான். சென் முதல் வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வரியை இந்த ஊரில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை, இது வழக்கில் இருக்கிறதா என்று கேட்டார். துர்காதேவிக்கும் கேட்ட ஞாபகம் இல்லை. அன்றைய வகுப்பு அத்தோடு முடிந்தது.

விபரீதம் நடந்தது ஆடி கழிந்து கல்யாணங்கள் தொடங்கிய சமயம். பள்ளிப்பட்டில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு ஒரு லாரி நாற்காலி அவசரமாகப் போக வேண்டியிருந்தது. வரவேண்டிய பிளாஸ்டிக் குருணை பாதிதான் வந்தது. அந்த ஷிப்டில் மெஷின் பார்த்துக்கொண்டிருந்தவன் ஜெகன். ஊத்துக்கோட்டைப் பக்கத்தில் கொஞ்சம் நெல் நிலம் உள்ள குடும்பம். கல்யாணமாகி, மனைவி முழுகாமல் இருந்தாள். அவன் உற்பத்தி மேலாளர் குணாளனுக்குப் போன் செய்து, இருக்கிற குருணை போதாது என்றான். சீனாக்காரனை அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லு என்று குணாளன் போனை வைத்துவிட்டார். ஜெகன் போய் சென்னிடம், “அட்ஜஸ்ட் பண்ணுங்க சார்” என்றான்.

சென் மெஷினை அட்ஜஸ்ட் செய்தார். ஒவ்வொரு நாற்காலிக்கும் போகும் பிளாஸ்டிக் கொஞ்சம் குறைந்தது. அச்சின் கடைசி மூலை வரை அது போய்ச் சேராததால், ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு பின்னங்கால் மட்டும் இரண்டு விரற்கடை குட்டையாக வந்தது. தரக்கட்டுப்பாட்டுத் துறை நாற்காலிகளைப் பரிசோதித்தது. அதாவது, எண்ணிப் பார்த்தது. எண்ணிக்கை சரியாக இருந்தது. லாரி கிளம்பியது.

பள்ளிப்பட்டில் மாப்பிள்ளையின் தாய்மாமன், சந்தனத்துக்குக் கை நீட்டிய நிலையில் பின்பக்கமாகச் சாய்ந்து பார்வையிலிருந்து மறைந்தார். அவரைத் தூக்க எழுந்தவர்கள் திரும்ப உட்கார்ந்தபோது அவர்களும் மறைந்தார்கள். வீடியோக்காரர் இதை எல்லாக் கோணங்களிலும் எடுத்திருந்தார். நாற்காலிகள் அதே லாரியில் திரும்பி வந்தன.

கம்பெனி ஜெகனைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்து உள்விசாரணைக்கு உத்தரவிட்டது. மேலாளர்களுக்கு மட்டுமே உரிய ஏவல் வினையைத் தகுதியின்றிப் பயன்படுத்தினான் என்பது குற்றச்சாட்டு. சென்னையிலிருந்து இம்மானுவேல் என்ற வக்கீல் விசாரணை அதிகாரியாக வந்தார். திரும்பி வந்த நாற்காலிகளை வீணாக்கக் கூடாது என்று விசாரணை மண்டபத்தில் அவற்றையே போட்டிருந்தார்கள். சமநிலை தவறாமல் விசாரிப்பேன் என்று வக்கீல் சொன்னபோது ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

முதல் அமர்வில், ஜெகன் சொன்னது ‘பண்ணு’வா ‘பண்ணுங்க’வா என்ற கேள்வி எழுந்தது. ‘பண்ணுங்க’ என்றுதான் சொன்னேன் என்றான் ஜெகன். அந்த ‘ங்க’ மரியாதையா, வேண்டுகோளா, அல்லது கட்டளையைப் பணிவுபோலக் காட்டும் தந்திரமா என்று மதியம் வரை விவாதித்தார்கள். மரியாதையாகச் சொன்னதால்தான் சீனர் அதை நம்பிவிட்டார், ஆகவே மரியாதை குற்றத்தின் கடுமையை அதிகரிக்கிறது என்று கம்பெனித் தரப்பு வாதிட்டது. வக்கீல் அதைக் குறித்துக்கொண்டு அமர்வை ஒத்திவைத்தார்.

இடையில் கம்பெனி சும்மா இருக்கவில்லை. பாக்கியநாதன் தலைமையில் வினைச்சொல் கட்டுப்பாட்டுக் குழு ஒன்று அமைந்தது. இனி ஒவ்வொருவரும் தன் தரத்துக்கு உரிய வினைகளைத்தான் ஆள வேண்டும் என்று குழு அறிவித்தது. தொழிலாளிகளுக்கு இறந்த காலம் மட்டும்: முடித்தேன், துடைத்தேன், ஏற்றினேன். மேற்பார்வையாளர்களுக்கு நிகழ்காலமும் உண்டு. ஏவல் வினை மேலாளர்களுக்கு. எதிர்காலம் வாக்குறுதி சம்பந்தப்பட்டது என்பதால் முதலாளியின் அனுமதி பெற்றே பயன்படுத்த வேண்டும்.

மறுவாரமே சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஒன்று பின்னால் பார்க்காமல் ரிவர்ஸில் மெதுவாகச் சுவரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்றவர்களிடம் ‘நிறுத்து’ என்ற சொல் இல்லை. அது மேலாளர்களின் சொல். ஒருவர் குணாளனைத் தேடி ஓடினார். குணாளன் மீட்டிங்கில் இருந்தார். வண்டி சுவரில் இருந்த அறிவிப்புப் பலகையை நசுக்கிவிட்டுத் தானாகவே நின்றது. மேலே சொன்ன விதிகள் அந்தப் பலகையில்தான் ஒட்டப்பட்டிருந்தன. வாய் திறக்காமல் கட்டுப்பாட்டோடு நின்றதற்காக அங்கிருந்தவர்களைப் பாராட்டிப் பாக்கியநாதன் இனிப்பு வழங்கினார்.

கடைசி அமர்வுக்கு முன்தினம் அவர் துர்காதேவியைக் கூப்பிட்டு அனுப்பினார். மொழி வல்லுநராக அவள் சாட்சி சொல்ல வேண்டும் என்றார். என்ன சொல்ல வேண்டும் என்பதையும் அன்போடு சொல்லிக்கொடுத்தார். மேலாளர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தால் பொறுத்துக்கொள் என்று அர்த்தம். தொழிலாளி வாயிலிருந்து வந்தால் மெஷினைத் திருகு என்று அர்த்தம். ஆகவே தவறு ஜெகனுடையது. “ஒரு வார்த்தைதானம்மா, உங்க வேலையும் நிரந்தரமாகப்போற நேரம்” என்று முடித்தார்.

அவள் வெளியே வந்தபோது ஜெகன் கேட்டுக்கு வெளியே பைக்கில் சாய்ந்து நின்றிருந்தான். உள்ளே விட அனுமதி இல்லை. ஊத்துக்கோட்டையிலிருந்து சும்மா வந்திருந்தான்.

“மேடம், எனக்கு இங்கிலீஷ் தெரியாது” என்றான். “குணாளன் சார் இன்னா சொன்னாரோ அதையேதான் நானும் போய் சொன்னேன். அதுக்கு இன்னா அர்த்தம்னு நாளைக்கு நீங்க சொல்றதுதான் எனக்கு.”

அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பஸ் வந்துவிட்டது என்று ஏறிக்கொண்டாள். பஸ்ஸில் வழக்கம்போல இடமில்லை.

வீட்டுக்குப் போனதும் கணவன் தீனாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஏரியில் இறால் பிடிக்கிறவன். வலையைப் பிரித்துக்கொண்டே கேட்டான்.

“பேஜாரு புடிச்ச வேல. நீ இன்னாத்துக்கு நடுவுல போய் நிக்கிற? அட்ஜஸ்ட் பண்ணிக்கினு போயேன்” என்றான்.

“நீ எப்பனா பண்ணிக்கினு போயிருக்கியா?”

தீனா கெட்டவன் இல்லை. நேர்மையாகக் கொஞ்ச நேரம் யோசித்தான். “நான் இன்னாத்துக்குப் பண்ணணும்?” என்று கேட்டான்.

அந்த மாலை முழுக்க, சென் கேட்ட ‘நான் அட்ஜஸ்ட் செய்கிறேன்’ என்ற அந்த முதல் வரி துர்காதேவிக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் முதலாளியே வந்திருந்தார். அவருக்கு மட்டும் நான்கு கால்களும் சமமாக உள்ள நாற்காலி. முதல் சாட்சியாகக் குணாளன் எழுந்தார். உண்மையிலேயே மனம் நொந்திருந்தார்.

“இந்தக் கம்பெனி ஆரம்பிச்ச நாள்லேருந்து நான் இந்த வார்த்தைய சொல்லிக்கினு இருக்கேன் சார். இதுவரைக்கும் ஒருத்தன்கூட அதைக் கேட்டு ஒண்ணும் பண்ணதில்ல. அந்த வார்த்தையோட பலமே அதான். சொன்னா அத்தோட பேச்சு முடிஞ்சுடும். இந்த ஆளு எழுந்து போய் வேலை பண்ணிட்டான். அதை நான் எப்படி சார் எதிர்பார்க்க முடியும்?”

அடுத்துப் பாக்கியநாதன் பேசினார். இந்த நிறுவனம் இரும்பாலும் பிளாஸ்டிக்காலும் ஆனதல்ல, அட்ஜஸ்ட்டால் ஆனது என்றார். பஸ்ஸில் சீட் போதாதபோதும், கேன்டீனில் சோறு போதாதபோதும், கழிப்பறை போதாதபோதும் நம் தொழிலாளர்கள் காட்டிய அந்தப் பண்புதான் நம் லாபம், ஒரு தனிமனிதன் அதை மெஷினுக்கும் கற்றுக்கொடுத்ததால் நம் கலாச்சாரமே களங்கப்பட்டுவிட்டது என்றார். முதலாளி கைதட்டினார். சிலர் கைதட்டப் போய் நாற்காலியிலிருந்து சரிந்தார்கள்.

துர்காதேவியின் முறை வந்தது. அந்தச் சொல்லுக்குச் சரியான அர்த்தம் என்ன என்று வக்கீல் கேட்டார். இரண்டு அர்த்தம் இருக்கிறது என்று அவள் ஆரம்பித்தாள். பாக்கியநாதன் புன்னகைத்தார். அவள் தொடர்ந்தாள். ஜெகன் சொன்னது அவனுடைய சொல் இல்லை, குணாளன் சார் கொடுத்ததை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தான், கூரியர்காரன் பார்சலுக்கு உள்ளே இருப்பதற்குப் பொறுப்பாக முடியாது என்றாள். பாக்கியநாதனின் புன்னகை அவர் முகத்திலேயே இருந்தது, ஆனால் அதற்குப் பின்னால் யாரும் இல்லை. எந்த அர்த்தம் என்று சீனருக்கு எப்படித் தெரிந்திருக்க வேண்டும் என்று வக்கீல் விடாமல் கேட்டார். அதை அவரையே கேளுங்கள் என்று அவள் உட்கார்ந்துவிட்டாள்.

சென் எழுந்து நின்று, துர்காதேவி சொல்லிக்கொடுத்த ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினார்.

“எங்கள் மொழியில் இதற்கு இரண்டு சொற்கள். மெஷினுக்குத் தியாவ்செங். மனிதன் இருப்பதை வைத்துச் சகித்துக்கொள்வதற்கு ஜியாங்ஜியூ. இங்கே இரண்டுக்கும் ஒரே சொல். எந்தச் சொல் என்று போனில் மொழிபெயர்த்துக் காட்டி ஜெகனிடம் கேட்டேன். மேனேஜர் சொல்லவில்லை என்றார். அதனால் மேனேஜருக்கு நானே போன் செய்தேன். பிளாஸ்டிக்கைக் குறைத்தால் நாற்காலிக்கு ஒரு கால் குட்டையாக வரும் என்று சொன்னேன். அவர், அட்ஜஸ்ட் என்றார். மேனேஜர் கையில் ஸ்பேனர் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆகவே இது சகித்துக்கொள்வதுதான் என்று புரிந்துகொண்டேன். உட்காரப்போகிறவர்கள் சகித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.”

எல்லோரும் குணாளனைப் பார்த்தார்கள். குணாளன், அந்தச் சொல்லை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே பாக்கியநாதன் சார்தான் என்றார். பாக்கியநாதன் தன்னை அறியாமல் முதலாளியைப் பார்த்தார். முதலாளி வக்கீலைப் பார்த்தார். வக்கீல் அனுபவசாலி. இந்த விசாரணை படிப்படியாக எந்த நாற்காலியில் போய் உட்காரப்போகிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. உடனே சாட்சியங்களை முடித்துக்கொண்டார்.

அவருடைய தீர்ப்பில் மனிதர் யார் மீதும் குற்றம் இல்லை. ‘அட்ஜஸ்ட்’ என்ற அந்நிய வினைச்சொல், நியமன உத்தரவு ஏதும் இல்லாமல் நிறுவனத்துக்குள் நுழைந்து, எல்லாத் துறைகளிலும் பொறுப்பில்லாமல் வேலை பார்த்து வந்திருக்கிறது. மறு உத்தரவு வரும்வரை அந்தச் சொல் பணியிடை நீக்கம் செய்யப்படுகிறது. எந்தத் தரத்தில் உள்ளவரும் அதை உச்சரிக்கக் கூடாது. ஜெகன் வேலைக்குத் திரும்பலாம்.

அதன்பிறகு நடந்ததை யாரும் திட்டமிடவில்லை. பஸ்ஸில் இடம் போதவில்லை என்று பெண்கள் வந்து சொன்னபோது பாக்கியநாதன் வாயைத் திறந்தார். உள்ளே சொல் இல்லை. மூடினார். பெண்கள் பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தார்கள். வேறு வழி தெரியாமல் இரண்டாவது பஸ் ஒன்றை ஏற்பாடு செய்தார். கேன்டீனில் குணாளனுக்கு எதிரே சாம்பார்க் கிண்ணத்தை வைத்துவிட்டு ஒரு கூட்டமே காத்திருந்தது. மறுநாள் சாம்பாரில் பருப்பு இருந்தது. கோடவுனுக்கு ஃபேன் வந்தது. வேலைக்குத் திரும்பிய ஜெகனுக்கு ஆண் குழந்தை பிறந்தபோது லீவு கிடைத்தது. மறுக்க என்ன சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

இந்த நிலை நீடித்தால் கம்பெனியை மூட வேண்டியதுதான் என்று முதலாளி கலங்கிப்போய் வினைச்சொல் குழுவை அவசரமாகக் கூட்டினார். நீக்கப்பட்ட சொல்லைத் திரும்பக் கொண்டுவந்தால் விசாரணையும் திரும்ப வரும். ஆகவே அதே வேலையைச் செய்யும் வேறொரு ஆங்கில வினை வேண்டும். துர்காதேவியைக் கூப்பிட்டார்கள். கேட்டதும் ஆள் அடங்க வேண்டும், முடிந்தால் கொஞ்சம் நீளமாக இருக்கட்டும் என்றார் பாக்கியநாதன். அவள் யோசித்து, ‘அக்காமடேட்’ என்றாள். பாக்கியநாதன் அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். நாக்குக்கு நிறைவாக இருந்தது. சுவரொட்டிக்குத் தமிழ் அர்த்தம் கேட்டார். அகராதியில் உள்ளபடியே, இடம் கொடுத்தல் என்று சொன்னாள். தொழிலாளர்கள் நிர்வாகத்துக்கு இடம் கொடுப்பது நல்லதுதானே என்று அவர் கையெழுத்துப் போட்டார். சென் சீன மொழியிலும் எழுதிக்கொடுக்க, மூன்று மொழிகளில் அச்சிட்டுக் கேட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினார்கள்.

புதுச் சொல் அமலுக்கு வந்த அன்றே இரண்டாவது பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். சாயங்காலம் முதல் பஸ் படிக்கட்டு வரை நிரம்பிப் போய்விட்டது. கேட்டில் மீதி நின்றவர்களில் துர்காதேவியும், பஜாரில் இறங்க வேண்டிய சென்னும், தச்சூர் கூட்டு ரோட்டில் பஸ் மாற வேண்டிய ஜெகனும், ஆறேழு பெண்களும் இருந்தார்கள். பாக்கியநாதனின் மூன்று வரிசை சீட் உள்ள பெரிய கார் உள்ளிருந்து வந்தது. அவர் கண்ணாடியை இறக்கினார். இரண்டாவது பஸ் எங்கே சார் என்று ஒரு பெண் கேட்டாள். அவர் பல நாட்களுக்குப் பிறகு வாய் நிறையச் சிரித்தார்.

“பிளீஸ் அக்காமடேட்” என்றார்.

எல்லோரும் சுவரொட்டியைப் பார்த்தார்கள். சீன எழுத்தைப் படித்த சென்னுக்கு முகம் மலர்ந்தது. நன்றி என்று சொல்லி முன்கதவைத் திறந்து டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜெகன் பின்கதவைத் திறந்து, “ஏறுங்கக்கா, சார் இடம் குடுக்கிறாரு” என்று பெண்களைக் கூப்பிட்டான். நடு வரிசையில் அவருக்கு அந்தப் பக்கம் மூவர் நெருக்கி உட்கார்ந்தார்கள். கடைசி வரிசையில் ஜெகனும் மற்றவர்களும் போய்ச் சேர்ந்தார்கள். பாக்கியநாதன் எதையோ சொல்ல முயன்றார். அவரிடம் இருந்த சொல் ஒன்றுதான். அதைச் சொன்னால் இன்னும் நாலு பேர் ஏறுவார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

கடைசியாக நின்றது துர்காதேவி. அவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள். அவர் மடியில் லேப்டாப் பையோடு சீட்டின் ஓரத்தில் அழுத்தமாக உட்கார்ந்திருந்தார். அவளுக்கு இந்த இடத்தில் சொல்ல வேண்டிய சொல் பழக்கத்தில் தொண்டை வரை வந்தது. அது பணியிடை நீக்கத்தில் இருந்தது.

“நவுருங்க சார்” என்றாள்.

அவர் நகர்ந்தார்.